ஏர் கன்னு எந்த நாட்டுச் சரக்கு? கேள்வி பதில்

கேள்வி: நாமக்கல் பக்கம் லாரி டயர் கடை வெச்சிருக்கேன் சார். வீல் நட்டு கழட்டற ஏர் கன்னு (காத்துல ஓடற இம்பாக்ட் ரெஞ்சு), சாக்கெட்டு மாட்டற முனை ஒரு இஞ்ச், ஒண்ணு ஓடிட்டிருந்துச்சு, இப்ப நட்டைக் கழட்டவே மாட்டேங்குது, சும்மா சத்தம் மட்டும் போடுது. புதுசு எடுக்கலாம்னு ரெண்டு மூணு கடை ஏறி எறங்குனேன். ஒருத்தரு இது அமெரிக்கா கம்பெனிங்கறாரு, கன்னைத் திருப்பிப் பார்த்தா மேட் இன் தைவான். இன்னொருத்தரு ஜப்பான் டெக்னாலஜிங்கறாரு, பெட்டியில நாடே போடல. பார்கோடு 890ல ஆரம்பிக்குது, அப்ப இந்தியா சரக்குதான்னு என் மச்சான் சொல்றாரு. காசு ஜாஸ்தி ஆனாலும் பரவால்ல, ஒரிஜினல் அமெரிக்கா இல்லன்னா ஜப்பான்தான் வேணும். எதை நம்பி வாங்கறது? கம்ப்ரசர் 5 எச்பி.

பதில்: உங்க மச்சான் மாதிரியே நெறைய பேரு நெனச்சிட்டிருக்காங்க, அதனால பார்கோடை மொதல்ல முடிச்சிருவோம். அந்த மொதல் மூணு நம்பரு அந்தக் கம்பெனி எந்த நாட்டு ஜிஎஸ்1 (பார்கோடு நம்பர் குடுக்கற அமைப்பு) ஆபீஸ்ல பதிவு பண்ணி நம்பர் வாங்குச்சுன்னு மட்டும்தான் சொல்லும். 890ன்னா இந்தியாவுல பதிவு, 471ன்னா தைவான், 690ல இருந்து 699 வரை சீனா, 45லயோ 49லயோ ஆரம்பிச்சா ஜப்பான். டெல்லியில ஒரு இம்போர்ட்டரு சீனாவுல கன்டெய்னர் கன்டெய்னரா செஞ்சு எறக்கி தன் பேரைப் போட்டு பெட்டி கட்டுனாலும் 890தான் வரும். பொருள் எங்க செஞ்சதுங்கறதுக்கும் அந்த நம்பருக்கும் சம்பந்தமே இல்லீங்க.

பெட்டியில நாடு போடலைன்னு சொன்னீங்கல்ல, அதுதான் கவனிக்க வேண்டியது. வெளிநாட்டுல இருந்து வந்து இங்க ரீடெயில்ல விக்கற பேக்கெட் சரக்குல எந்த நாட்டுல செஞ்சது இல்ல அசெம்பிள் பண்ணதுன்னு கட்டாயம் போடணும், லீகல் மெட்ராலஜி பேக்கேஜ்டு கமாடிட்டீஸ் ரூல்ஸ்ல 2018 ஜனவரி 1ல இருந்து இது இருக்கு. இம்போர்ட்டர் பேரு, அட்ரஸு, எம்ஆர்பி எல்லாம் கூடவே வரணும். ஃபேக்டரிகளுக்கு நேரா போற இன்டஸ்ட்ரியல் சரக்குக்கு அந்த ரூல்ல விலக்கு உண்டு, அதைச் சாக்கா வெச்சு ஸ்டிக்கர் ஒட்டாமலே கடையில அடுக்கி வெக்கறாங்க. "ஜப்பான் டெக்னாலஜி", "ஜெர்மன் டெக்னாலஜி", "டிசைன்டு இன் யூஎஸ்ஏ" இதெல்லாம் நாடு சொல்றது கிடையாது, நாட்டைச் சொல்லாம இருக்கறதுக்கு ஒரு வழி. "மேட் இன் பிஆர்சி"ன்னு இருந்தா அது சீனாதான், வேற ஏதோ நாடுன்னு நெனச்சுக்காதீங்க.

இப்ப அமெரிக்கா கம்பெனிக்கு வருவோம். சிகாகோ நியூமேட்டிக் 1901ல அமெரிக்காவுல ஆரம்பிச்சது நெசம், ஆனா 1987லயே அதை அட்லஸ் காப்கோ வாங்கிருச்சு, அது 1873ல ஸ்டாக்ஹோம்ல தொடங்குன ஸ்வீடன் கம்பெனி. இங்கர்சால் ராண்ட் 2020ல கார்ட்னர் டென்வரோட சேர்ந்து இப்ப இருக்கற கம்பெனியா ஆச்சு, பழைய கம்பெனியில மிச்சம் இருந்த ஏசி பிசினஸ் டிரேன் டெக்னாலஜிஸ்னு பேரை மாத்திக்கிட்டு தனியா போயிருச்சு. ஏர்கேட்னு அமெரிக்க மெக்கானிக்குங்க கொண்டாடற கன்னு இருக்குது பாருங்க, பிராண்டு அமெரிக்கா, செய்யறது தைவான். அமெரிக்காவுலயே செய்யறாங்கன்னா ஸ்னாப்-ஆன் நார்த் கரோலினாவுல மர்ஃபிங்கற சின்ன ஊர்ல செய்யுது, அதுலயும் வெளிநாட்டு பார்ட்ஸ் கலந்தா அதைச் சொல்லித்தான் லேபிள் போடணும், வெறும் "மேட் இன் யூஎஸ்ஏ"ன்னு போடணும்னா கிட்டத்தட்ட முழுசுமே அங்க செஞ்சிருக்கணும்னு அவங்க ஊரு எஃப்டிசிங்கற வியாபாரக் கண்காணிப்பு ஆபீஸோட ரூலு. ஜப்பான்ல உரியு, குக்கென், ஷினானோ மாதிரி கம்பெனிங்க இருக்காங்க, தரத்துல குறை சொல்ல முடியாது. ஆனா வாங்குனப்பறம் அதுக்கு ஒரு பிளேடு செட்டு (உள்ள காத்து தள்ளற தகடுங்க, வேன்னும் சொல்வாங்க) நம்மூர்ல எந்தக் கடையில கெடைக்கும்னு கேட்டுட்டு அப்பறம் காசைக் குடுங்க.

தைவான்னா மட்டம்னு ஒரு நெனப்பு நம்ம பக்கம் இன்னும் இருக்கு. தைச்சுங்னு ஒரு ஊரு, ஜயன்ட் சைக்கிள் கம்பெனியோட தலைமை ஆபீஸ் இருக்கற ஊரு, அங்கதான் கிங் டோனி, பாஸோ, ஜிசன் எல்லாரும் இருக்காங்க. ஒரு பட்டறை ஃபோர்ஜிங் மட்டும் பண்ணும், பக்கத்துப் பட்டறை ஹீட் ட்ரீட்மென்ட் மட்டும், அடுத்தது சிலிண்டர் கிரைண்டிங் மட்டும், இப்படி அந்த வட்டாரமே டூல்ஸ் தொழில்ல ஊறிப்போனது. பெரிய பெரிய பேரு போட்ட கன்னுங்க நெறைய அங்க இருந்துதான் வருது. ஒரே ஃபேக்டரியில ரெண்டு பிராண்டுக்குச் செஞ்சாலும் ரெண்டும் ஒண்ணாயிராது, ஏன்னா ஆர்டர் குடுக்கறவன் சொல்ற ஸ்பெக்குதான், சுத்தியல் பார்ட்டுக்கு எந்த ஸ்டீலு, எத்தனை ஹார்ட்னெஸ்ஸு, பேரிங் எது, பிளேடு எந்த மெட்டீரியல்னு காசுக்குத் தகுந்த மாதிரி மாறும். அதனால தைவான்னு பார்த்ததும் வேண்டாம்னும் சொல்லாதீங்க, கண்ணை மூடிட்டு எடுக்கவும் செய்யாதீங்க. சீனாவுக்கும் இதே கதைதான், நல்லதும் வருது குப்பையும் வருது, குப்பை கொஞ்சம் ஜாஸ்தி வருது.

என்னைக் கேட்டா நீங்க கடைக்காரர்கிட்ட கேக்க வேண்டிய மொதல் கேள்வி எந்த நாடுங்கறது இல்லைங்க, "இதோட பார்ட்ஸ் படம் குடுங்க, வேன் கிட்டு, ஹேமரு, ஆன்வில் இன்னைக்கு ஸ்டாக்குல இருக்கா?"ங்கறதுதான். ஹேமருங்கறது உள்ள அடிக்கற சுத்தியல், ஆன்வில்ங்கறது அந்த அடியை வாங்கி சாக்கெட்டைத் திருப்பற தண்டு. மாடல் நம்பர் போட்டு பார்ட் பார்ட்டா பிரிச்சுக் காட்டற படம் இல்லாத கன்னு எந்த நாட்டுல செஞ்சிருந்தாலும் ஒரு வருசத்துல இரும்புக் கடைக்குப் போற சாமான்.

அதுக்கும் முன்னாடி ஒண்ணு. பழைய கன்னு சத்தம் போடுது, நட்டு கழலலைன்னு சொன்னீங்களே, அதைப் பிரிச்சுப் பார்த்தீங்களா? பின்பக்க மூடியைக் கழட்டுனா ரோட்டர்ல வரிசையா ஆறோ ஏழோ பள்ளம் இருக்கும், ஒவ்வொண்ணுலயும் ஒரு தகடு, அதான் வேனு. காத்து அந்தத் தகட்டைத் தள்ளித்தான் ரோட்டர் சுத்துது. தகடு தேஞ்சு குட்டையாயிருந்தாலும், ஓரம் சில்லு பேந்திருந்தாலும், பழைய ஆயில் பிசின் மாதிரி ஒட்டிக்கிட்டு தகடு பள்ளத்தை விட்டு வெளிய வராம மாட்டிக்கிட்டாலும் காத்து பக்கவாட்டுல ஓடிரும், சுத்தும் ஆனா அடி விழாது. அப்படின்னா வேன் கிட்டு மாத்துனா போதும், கன்னு மறுபடி எந்திரிச்சு நிக்கும். ஹேமர் முனை உருண்டு மழுங்கியிருந்தாலோ, சிலிண்டர் உள்பக்கம் கோடு கோடா கீறியிருந்தாலோதான் புதுசு பத்தி யோசிக்கணும்.

கம்ப்ரசருக்கு வாங்க. டயர் கடைங்கறதால லாரி டயருக்குக் காத்தடிக்கவே 110, 120 பவுண்டு (பிஎஸ்ஐ) ப்ரஷர் வேணும், டேங்குல அதுக்கும் மேல வெச்சிருப்பீங்க. அதே லைன்ல நேரா கன்னைச் சொருகறீங்களா? கன்னுக்கு எழுதியிருக்கறது 90 பவுண்டு, அதாவது 6.2 பாரு. ஜாஸ்தி குடுத்தா கொஞ்ச நாளு பேய் மாதிரி அடிக்கும், அப்பறம் ஹேமரோ ஆன்வில்லோ விரிசல் விட்டுரும், கடைக்காரரு வாரன்டி கிடையாதும்பாரு, அவரு சொல்றதும் நியாயந்தான். கன்னுக்குன்னு தனி ரெகுலேட்டர் ஒண்ணு போட்டுருங்க, தண்ணி பிரிக்கற ஃபில்டரோட.

இன்னொரு பக்கம் பார்த்தா சில கடையில ப்ரஷர் பத்தறதே இல்ல. டேங்கு கேஜ்ல 120 காட்டும், ட்ரிக்கரை அமுக்குனா கன்னுகிட்ட 60தான் வரும், ஏன்னா நடுவுல மெல்லிசான ஹோஸு, அதுலயும் கால் இஞ்ச் குயிக் கப்ளர். அரை இஞ்ச் கன்னுக்கே உள் விட்டம் 3/8 இஞ்ச் ஹோஸாவது வேணும், ஒரு இஞ்ச் கன்னுக்கு முக்கால் இஞ்ச். கன்னு வாயில T மாதிரி மூணு வாய் இருக்கற ஃபிட்டிங் ஒண்ணு போட்டு சின்ன கேஜ் மாட்டி, ட்ரிக்கரை அமுக்கிட்டே பாருங்க, சும்மா நிக்கும்போது பார்க்கற ப்ரஷருக்கு அர்த்தமே இல்ல. 5 எச்பிக்கு ஒரு எச்பிக்கு மூணு நாலு சிஎஃப்எம் (நிமிசத்துக்கு எத்தனை கன அடி காத்துங்கற கணக்கு)னு வெச்சா 15, 20 சிஎஃப்எம் கெடைக்கும். ஒரு இஞ்ச் கன்னு விடாம ஓடுனா அதை விட ஜாஸ்தி குடிக்கும், ஆனா நட்டு கழட்டறது விட்டு விட்டு நாலஞ்சு செகண்டு வேலைங்கறதால டேங்கு தாங்கிரும், ஒரே நேரத்துல பக்கத்துல ஒருத்தரு டயருக்குக் காத்தடிச்சாதான் மூச்சு வாங்கும்.

லாரிக்கு எடுக்கறதால ஆன்வில் நீளமா இருக்கற மாடலாப் பார்த்து எடுங்க, பின்னாடி டபுள் வீல்ல நட்டு உள்ள தள்ளி இருக்கும், குட்டை ஆன்வில்னா எக்ஸ்டென்ஷன் போடணும், எக்ஸ்டென்ஷன் போட்டாலே அடியில ஒரு பங்கு அங்கயே செத்துரும்.

கேள்வி: இங்கர்சால் ராண்ட் 2235 டைமாக்ஸ் அரை இஞ்ச் கன்னுக்கு ஒரு இடத்துல 1350 ஃபுட் பவுண்டு, இன்னொரு இடத்துல 930ன்னு இருக்கு. ரெண்டுல எது பொய்? (ஈரோடு வாசகர்)

பதில்: ரெண்டும் பொய் இல்லைங்க. 930ங்கறது ரிவர்ஸ்ல, அதாவது கழட்டற பக்கம், மேக்ஸிமம் டார்க் (திருகற விசை). 1350ங்கறது நட்-பஸ்டிங்னு ஒரு கணக்கு, எறுகிப்போய்க் கெடக்கற நட்டை எவ்வளவு வரைக்கும் ஒடைச்சு விடும்னு சொல்றது. கம்பெனிக்குக் கம்பெனி இதை அளக்கற விதம் வேற வேற, அதனால ஒரு கம்பெனியோட நட்-பஸ்டிங்கை இன்னொரு கம்பெனியோட மேக்ஸிமம் டார்க்கோட வெச்சு ஒப்பிட்டா ஏமாந்துதான் போவீங்க. நியூட்டன் மீட்டருக்கு மாத்த 1.356ஆல பெருக்குங்க, 930ன்னா ஏறக்கொறைய 1260. இன்னொரு விஷயம், கார் வீல் நட்டு டைட் பண்ண 100, 120 நியூட்டன் மீட்டர் இருந்தா நெறைய வண்டிக்குப் போதும். கன்னுல முழு வேகத்துல அடிச்சு ஏத்துனா ஸ்டட் நீண்டு போகும், டிஸ்க் வளையும், வீட்டுக்காரம்மா ரோட்டுல பஞ்சராகி நிக்கும்போது வீல் ஸ்பேனர் மேல ஏறி நின்னாலும் கழலாது. கன்னுல லேசா ஒட்டவெச்சுட்டு கடைசி டைட்டை டார்க் ரெஞ்ச்லயே முடிங்க.

கேள்வி: ஷார்ஜாவுல கேரேஜ்ல வேலை பார்க்கறேன். ஊருக்கு வரும்போது இங்க இருந்து அமெரிக்கா பிராண்டு கன்னு ஒண்ணு வாங்கிட்டு வரலாமா அண்ணே?

பதில்: தாராளமா வாங்கிட்டு வாங்க தம்பி, ஆனா கேபின்ல விடமாட்டாங்க, செக்-இன் பையிலதான் போடணும். கரண்டு கன்னு மாதிரி வோல்டேஜ் தொல்லை கிடையாது. தொல்லை காத்து உள்ள போற வாயிலதான். அமெரிக்கா மார்க்கெட்டுக்குச் செஞ்ச கன்னுல என்பிடி (அமெரிக்க பைப் த்ரெட்டு) இருக்கும், நம்மூர் ஃபிட்டிங் பெரும்பாலும் பிஎஸ்பி (பிரிட்டிஷ் பைப் த்ரெட்டு). கால் இஞ்ச் என்பிடிக்கு இஞ்சுக்கு 18 த்ரெட்டு, பிஎஸ்பிக்கு 19, த்ரெட்டோட கோணமும் என்பிடிக்கு 60 டிகிரி, பிஎஸ்பிக்கு 55. ரெண்டு மூணு சுத்து கையிலயே ஏறும், சரியாத்தான் இருக்குன்னு தோணும், மீதியை ஸ்பேனர் போட்டு முறுக்குனா அலுமினிய பாடியில த்ரெட்டு போச்சு, கன்னும் போச்சு. அங்கயே என்பிடில இருந்து பிஎஸ்பிக்கு ஒரு அடாப்டர் வாங்கி கன்னுலயே மாட்டி எடுத்துட்டு வந்துருங்க. வேன் கிட்டு ரெண்டு செட்டும் சேர்த்து வாங்கிக்குங்க, அங்க வாங்குனதுக்கு இங்க வாரன்டி பார்ப்பாங்கன்னு நம்பி இருக்காதீங்க.

கேள்வி: கன்னுக்கு எஞ்சின் ஆயில் விடலாமா? கை சாக்கெட்டையே போட்டு ஓட்டறோம், ஏதும் ஆகுமா?

பதில்: எஞ்சின் ஆயிலு கெட்டி, நாள் போகப்போக பிசினாயி வேனைப் பள்ளத்துலயே ஒட்ட வெச்சுரும், மேல நாமக்கல்காரருக்குச் சொன்ன அதே கோளாறு. ஏர் டூல் ஆயில்னே விக்குது, காலையில வேலை ஆரம்பிக்கும்போது வாயில நாலஞ்சு சொட்டு விட்டு ஒரு தடவை காத்துல ஓட்டிருங்க, முகத்தை எக்ஸாஸ்ட் பக்கம் வெக்காம. கை சாக்கெட்டு வேண்டவே வேண்டாம். பளபளன்னு குரோம் பூச்சு போட்டது அடி தாங்காது, ஒடைஞ்சா சில்லு கண்ணுலதான் வந்து குத்தும். கறுப்பா, சுவரு தடிமனா வர்ற இம்பாக்ட் சாக்கெட்டுதான் போடணும், காதுக்கு இயர் பிளக்கும் வாங்கிக்குங்க, ரெண்டும் கன்னு வாங்கற அன்னைக்கே அதே பில்லுல.