தாளக்கட்டே இல்லாத நவீன நடனத்துக்கு மேடையில் மிருதங்கக்காரர் எதற்கு? ஒலிப்பதிவு போதாதா?

பரதநாட்டிய நிகழ்ச்சிகளுக்குப் பல ஆண்டுகள் மிருதங்கம் வாசித்துவிட்டு, பிறகு ஒரு நவீன நடனக் குழுவுக்கு வாசிக்கப் போனவன் என்ற முறையில் இதற்குப் பதில் எழுதுகிறேன். போதாது என்பதே என் உறுதியான கருத்து.

பரதத்தில் நட்டுவனார் சொல்லப்போகும் ஜதி எனக்கு முன்பே பாடமாகியிருக்கும். புதிய குழுவின் முதல் ஒத்திகையில் அப்படி எதுவும் இல்லை. ஒரு பெண் நின்ற நிலையிலிருந்து சரிந்து, தோளால் தரையில் உருண்டு, மறுபடி எழுவார் என்று மட்டுமே சொன்னார்கள். அவருக்குப் பிடிமானம் கொடுப்பதாக எண்ணி ஆதி தாளத்தில் வாசித்தேன். அவரோ என் எண்ணிக்கைக்குக் கட்டுப்பட்டு, மூச்சு முழுதாக வெளியேறும் முன்பே எழ வேண்டியதாயிற்று. மறுமுறை எண்ணுவதை விட்டுவிட்டு அவருடைய விலாவை மட்டும் பார்த்தேன். குதிகால் எழும்பியபோது மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் கையை அழுத்தி எழுப்பும் மெல்லிய கும்கி ஓசை, தோள் தரையைத் தொட்டதும் ஒரே அடி, அதன்பின் அவர் மூச்சை விட்டு முடிக்கும்வரை கார்வை, அதாவது அடுத்த அடி விழாத இடைவெளி.

அந்தக் கார்வையைத்தான் ஒலிப்பதிவால் தர முடியாது. நேற்று இரண்டு நொடியில் எழுந்தவருக்கு இன்று முழங்கால் வலியால் நான்கு நொடி ஆகலாம். ஒலிப்பதிவு தன் போக்கில் போய்விடும், நான் காத்திருப்பேன். தாளக்கட்டு இல்லாத இடத்தில்தான் தாளக்காரரின் கண் கூடுதலாகத் தேவைப்படுகிறது.

நவீன நடனம் தாள வாத்தியத்தை எவ்வளவு நாடியது என்பதற்கு 1940இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் நடந்ததே போதும். சிவில்லா ஃபோர்ட் என்ற நடனக் கலைஞருக்கு இசையமைத்த ஜான் கேஜ் தாள வாத்தியக் குழுவையே பயன்படுத்த விரும்பினார். அரங்கிலோ ஒரு பியானோவுக்குத்தான் இடம் இருந்தது. தந்திகளுக்கிடையே திருகாணிகளைச் செருகி அந்தப் பியானோவையே தாள வாத்தியமாக்கிவிட்டார். பிற்காலத்தில் நடன அமைப்பாளர் மெர்ஸ் கன்னிங்ஹாமுடன் சேர்ந்து, இசையும் நடனமும் ஒன்றையொன்று சாராமல் நேரத்தை மட்டும் பகிர்ந்துகொள்ளும் வழிக்கு அவர் போனார் என்பதும் உண்மை. அந்த வழியை மதிக்கிறேன். ஆனால் விழும் உடலைப் பார்த்துக்கொண்டே கையை நிறுத்திவைக்கும் அந்த நொடியை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

இப்போது எந்தக் குழு அழைத்தாலும், ஆடுபவரின் முதுகும் பாதமும் தெரிகிற பக்கவாட்டு இடத்தைத்தான் முதலில் கேட்கிறேன். மைக்கைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான்.