தேற்றம் பாடம், கணக்கு மட்டும் வரவில்லை

கேள்வி: என் மகள் தரம் 10 படிக்கிறாள். வட்டத் தேற்றங்களை வரி பிசகாமல் ஒப்புவிப்பாள். ஆனால் வினாத்தாளில் படத்தைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுவிட்டால் அந்தக் கணக்கைத் தொடாமலே விட்டுவிட்டு வருகிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வாவியைக் கடக்கும் பாதைப் படகேறிக் களுவாஞ்சிகுடிக்கு டியூசனுக்கும் போகிறாள். கூடப் படிக்கும் பிள்ளை போனில் ஜியோஜிப்ரா என்று ஒன்றை வைத்துப் படிக்கிறதாம். அதற்குக் காசு கட்ட வேண்டுமா? வேளாண்மை வெட்டியதும் லெப்டொப் வாங்கிக் கொடுக்கவா? வீட்டில் இருப்பது என்னுடைய போன் ஒன்றுதான். அதைக் கையில் கொடுக்கவும் பயமாக இருக்கிறது.
- ஒரு தாய், மண்டூர்

பதில்: தங்கச்சி, லெப்டொப் வேண்டாம். அந்தக் காசு வீட்டுக்கு இருக்கட்டும். ஜியோஜிப்ரா (GeoGebra) என்பது வட்டம், முக்கோணம், வரைபு எல்லாம் வரைந்து விரலால் இழுத்துப் பார்க்கும் செயலி. அது உங்கள் போனிலேயே ஓடும். பிள்ளை படிப்பதற்கு ஒரு சதமும் கட்டத் தேவையில்லை. 2001இல் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்கஸ் ஹோஹென்வார்ட்டர் என்பவர் தன் முதுமாணிப் படிப்புக்காகத் தொடங்கிய வேலை அது. இன்று உலகம் முழுக்கப் பள்ளிக்கூடங்களில் பயன்படுகிறது. வைஃபை கிடைக்கும் இடத்தில் ஒருமுறை இறக்கிக்கொள்ளுங்கள். பிறகு டேட்டா இல்லாமலே வேலை செய்யும். அதனால் டேட்டாவை நிறுத்திவிட்டே போனைக் கொடுக்கலாம், உங்கள் பயத்தில் பாதி அதோடு போய்விடும்.

மகளுக்கு மூளை குறைவு என்று மட்டும் யாரும் சொல்ல விடாதீர்கள். புத்தகத்தில் அச்சான படம் அசையாது. அந்த ஒரு படத்தைத்தான் அவள் பாடமாக்கியிருக்கிறாள், தேற்றத்தை அல்ல. நம் பிள்ளைகள் பலருக்கும் கேத்திர கணிதம் கைவிட்டுப் போவது இந்த இடத்தில்தான்.

இதைச் செய்து பார்க்கச் சொல்லுங்கள். ஜியோஜிப்ராவில் கேத்திர கணிதத்துக்கான செயலியைத் திறந்து O மையமாக ஒரு வட்டம் வரையட்டும். பரிதியில் A, B என்று இரண்டு புள்ளிகள், மறுபக்கத்துப் பெரிய வில்லில் P என்று இன்னொன்று. AOB, APB இரண்டு கோணங்களையும் அளக்கட்டும். மையத்தில் 70 பாகை என்றால் P-யில் 35 பாகை காட்டும். இனி P-யை விரலால் பிடித்துப் பெரிய வில் நெடுகிலும் இழுக்க வேண்டும். முக்கோணம் சரியும், நீளும், சப்பையாகும். 35 மட்டும் அசையாது. வினாத்தாளில் படத்தை எப்படித் திருப்பிப் போட்டாலும் அது தான் விரலால் இழுத்துப் பார்த்த படங்களில் ஒன்று என்பது அப்போது அவளுக்கே பிடிபடும்.

அதோடு நிறுத்த வேண்டாம். P-யை B-யைத் தாண்டிச் சின்ன வில்லுக்குக் கொண்டுபோகட்டும். திடீரென்று 215 என்று காட்டினால் செயலி பழுதில்லை. புள்ளிகளைத் தொட்ட ஒழுங்கைப் பார்த்து அது வெளிப்பக்கத்துக் கோணத்தை அளக்கிறது. 360இலிருந்து கழித்தால் 145. முதலில் இருந்த 35ஐயும் இந்த 145ஐயும் கூட்டினால் 180. வட்ட நாற்பக்கலின் எதிர்க் கோணங்கள் மிகைநிரப்பிகள் என்று தனியாகப் பாடமாக்கினாளே, அது இதுதான்! மையத்தில் மற்றப் பக்கத்துக் கோணம் 290, அதில் பாதியும் 145. இரண்டு தேற்றம் என்று அவள் நினைத்திருந்தது ஒரே விசயத்தின் இரண்டு பக்கம். இதை நாம் சொல்லிக் கொடுக்கக் கூடாது. அவளே கண்டுபிடிக்க விட வேண்டும். கண்டுபிடித்த பிள்ளையின் முகத்தைப் பாருங்கள், நான் சொல்வது விளங்கும்.

ஒரு கண்டிப்பு மட்டும் வேண்டும். இழுக்க முன்னம் கொப்பியில் எழுத வேண்டும்: என்ன நடக்கும் என்று நினைக்கிறாய்? அதற்குப் பிறகுதான் விரல் திரையில் படலாம். வரைபுக்கும் இதே கதைதான். y = (x − 2)² + 1 என்பதன் வரைபு வலப்பக்கம் நகருமா, இடப்பக்கமா என்று கேளுங்கள். கழித்தல் அடையாளத்தைக் கண்டதும் இடப்பக்கம் என்று எழுதுகிற பிள்ளைகள் ஏராளம். வரைந்து பார்த்தால் இழிவுப் புள்ளி (2, 1)இல், வலப்பக்கத்தில் நிற்கும். ஏன் என்று யோசிக்க வைப்பது முன்பே எழுதிய அந்தப் பிழையான ஊகம்தான். எழுதாமல் வெறுமனே பார்த்தால் "ஆ, சரி" என்று கடந்துபோய்விடுவாள்.

இன்னொன்று. திரையில் நூறு இடத்தில் 35 காட்டினாலும் அது நிறுவல் ஆகாது. பரீட்சையில் "நிறுவுக" என்று கேட்டால் காரணம் எழுத வேண்டும். P-யையும் O-வையும் இணைத்து அப்பால் நீட்டச் சொல்லுங்கள். OA, OP, OB மூன்றும் ஆரை, ஆகவே இரண்டு இருசமபக்க முக்கோணிகள். புறக்கோணத்தைப் போட்டால் இருமடங்கு என்பது தானாக வந்துவிடும். இது தாளில், அவள் கையால். அமைப்புக் கணக்குகளுக்கும் கவராயமும் அடிமட்டமும்தான் பழக வேண்டும், மண்டபத்துக்குள் போன் வராது.

படம் பிடித்தால் விடையைக் கொட்டும் செயலிகளும் இருக்கின்றன. இந்த வயதில் அவற்றை அண்டவிடாதீர்கள். நான் சொன்ன கேத்திர கணிதச் செயலி அந்த வகை இல்லை.

நீங்கள் கணக்குப் படித்திருக்க வேண்டும் என்பதில்லை. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணித்தியாலம் பக்கத்தில் இருந்து, "இப்ப எது மாறினது, எது மாறாம நிக்குது?" என்று மட்டும் கேளுங்கள். பதில் தெரியாமல் நின்றால் அந்தக் கேள்வியைக் கொப்பியில் குறித்து ஞாயிற்றுக்கிழமை சேரிடம் கேட்கட்டும்.

வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகம் தரும் ஃபெட் (PhET) என்ற தளத்தையும் பாருங்கள். நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002இல் தொடங்கியது. பின்னங்களைக் கையால் கூட்டிப் பிரித்து விளையாடலாம். தளத்தில் இலவசம், சில பகுதிகள் தமிழிலும் உண்டு, வேண்டியதை இறக்கி வைத்துக்கொண்டால் அதற்கும் டேட்டா தேவைப்படாது.