செஃப் யாருன்னு கேக்காதீங்க, செவ்வாய்க்கிழமை ராத்திரி என்ன டிஃபன்னு கேளுங்க

போன மாசம் இந்தப் பக்கத்துல வயசானவங்க சாப்பாடு பத்தி போற போக்குல ரெண்டு வரி எழுதிட்டேன், அதுக்கு வந்த கடுதாசியும் வாட்ஸ்அப்பும் இன்னும் நிக்கல. நான் டாக்டர் இல்லீங்க, 26 வருஷம் ஓட்டல்ல சர்வரா, கேப்டனா, அப்புறம் சூப்பர்வைசரா நின்னு கால் வீங்கினவன், அந்த அனுபவத்துல தெரிஞ்சத சொல்றேன். அஞ்சு கேள்விய மட்டும் எடுத்திருக்கேன்.

கேள்வி: அப்பா போயி ஒன்றரை வருஷம் ஆச்சு. அம்மாவுக்கு 74, சுகர் இருக்கு, பல்செட், காவேரிப்பட்டணத்துல தனியா இருக்காங்க. நான் பெங்களூர்ல, தம்பி வெளிநாட்டுல. ஓசூர் பக்கம் ஒரு லக்சுரி சீனியர் லிவிங் (வயசானவங்க தங்கற குடியிருப்பு) பாத்துட்டு வந்தோம், டைனிங் ஹால் அப்பிடியே ஸ்டார் ஓட்டல், செஃப் அஞ்சு நட்சத்திர ஓட்டல்ல இருந்து வந்தவராம், சூப்புலயே ஆறு வகை. அம்மா எல்லாத்தையும் சுத்திப் பாத்துட்டு "களி போடுவாங்களாடி"ன்னு ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க, சேல்ஸ் பையன் சிரிச்சுட்டு "பாஸ்தா லைவ் கவுண்டர் இருக்கு மேடம்"னு சொன்னான். நம்பி சேக்கலாமா?
– வாசகி, கிருஷ்ணகிரி

பதில்: நீங்க அத்தனை கேட்டிருப்பீங்க, ஆனா சரியான கேள்விய உங்கம்மா தாங்க கேட்டிருக்காங்க. ஸ்டார் ஓட்டல் சாப்பாடுங்கறது மூணு நாளைக்கு, நாலாவது நாள் காலைல அங்க தங்கியிருக்கறவரே "எங்கயாவது ரெண்டு இட்லி கிடைக்குமா தம்பி"ன்னு என்கிட்ட வந்து கேப்பார், நான் எத்தனையோ தடவ பாத்திருக்கேன். உங்கம்மா அங்க வருஷத்துக்கு 365 நாள், ஒரு நாளைக்கு மூணு வேளை உக்காரப் போறாங்க.

அதனால ஒண்ணு பண்ணுங்க. அவங்க கூப்பிடற ஞாயித்துக்கிழமை பஃபேக்கு போகாதீங்க, அன்னைக்கு எல்லா ஓட்டலும் நல்ல ஓட்டல் தான். சும்மா ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரி போங்க, காசு கொடுத்தே சாப்பிடுங்க, செஃப் லீவா இருந்தா இன்னும் நல்லது. போன மாச மெனுவ கேட்டு வாங்கி, ராத்திரிக்கு எத்தனை நாள் உப்புமா, எத்தனை நாள் மதியம் மிஞ்சினத புது பேர்ல போட்டிருக்காங்கன்னு பாருங்க, எங்க ஆளுங்களுக்கு அந்த வித்தை எல்லாம் அத்துப்படி. சாம்பார்ல கரண்டிய விட்டுப் பாருங்க, அடியில பருப்பு தட்டுதான்னு. ஐசிஎம்ஆர்ங்கற இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் கணக்குக்கு உடம்பு எடைல கிலோவுக்கு 0.83 கிராம் புரோட்டீன், உங்கம்மா 55 கிலோன்னா ஒரு நாளைக்கு 46 கிராம் பக்கம் வருது, வயசானவங்களுக்கு அதுக்கும் மேலயே வேணும்னு சொல்ற டாக்டருங்க நிறைய. ஒரு முட்டைல 6 கிராம் தான், தண்ணி சாம்பார்ல என்னத்த வரும். சூப்பு ஆறு வகை இருந்து என்னங்க பிரயோஜனம்.

அப்புறம் நேரம். ராத்திரி சாப்பாடு ஏழு மணிக்கு முடிச்சுட்டு காலைல டிஃபன் எட்டரைக்குன்னா நடுவுல பதிமூணரை மணி நேரம், சுகர் மாத்திரையோ இன்சுலினோ போடறவங்களுக்கு நடுராத்திரில சுகர் கீழ இறங்கிடலாம். படுக்கறதுக்கு முன்னாடி பால், பிஸ்கட்டு, ஏதோ ஒண்ணு ரூமுக்கு வருமா, அதுக்கு தனி பில்லா, மூணு மணிக்கு மயக்கமா இருக்குன்னு மணி அடிச்சா யார் வருவாங்க, இதெல்லாம் எழுத்துல வாங்குங்க. சாப்பாட்டு சார்ஜ் மெயின்டெனன்ஸ்ல சேந்ததா தனியா, ஊருக்குப் போயி பத்து நாள் இல்லன்னா கழிச்சுக்குவாங்களா, வருஷத்துக்கு எவ்வளவு ஏத்துவாங்கங்கறதும் அதே பேப்பர்ல இருக்கணும். கிச்சன்ல 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு லைசென்ஸ்) நம்பர் மாட்டியிருக்கான்னு பாத்துட்டு வந்துடுங்க.

இன்னொண்ணு, நம்ம ஜில்லாக்காரங்க மட்டும் கேக்கற கேள்வி: சமைக்கற தண்ணி எது? தர்மபுரி, கிருஷ்ணகிரி போர் தண்ணில ஃபுளோரைடு எவ்வளவு ஏறிக் கிடந்துச்சுன்னு நம்ம பெரியவங்க பல்லையும் முட்டியையும் பாத்தாலே தெரியும், அதுக்குத்தான் ஜப்பான் கடனுதவில ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே 2013ல வந்துச்சு. கேன் தண்ணி குடிக்கக் கொடுத்துட்டு உலைக்கு போர் தண்ணி ஊத்தற இடமும் இருக்கு. கேளுங்க, தப்பே இல்ல.

களிக்கு வருவோம். அந்த சேல்ஸ் பையன் மேல கோவம் வேணாம், அவன் எந்த ஊரோ. நேரா செஃபப் பாத்து, வாரம் ரெண்டு நாள் களியும் அவரைக்கொட்டை குழம்பும், இல்ல கீரைக் கடைசலும் போட முடியுமான்னு கேளுங்க. களி கிண்டறது லேசுல்ல, நொய்ய வேகவச்சு மாவக் கொட்டி துடுப்பு போட்டு கட்டி இல்லாம கிண்டி ஈரக்கையில உருட்டணும், அஞ்சு நட்சத்திர செஃபுக்கு அது வராம இருக்கலாம், ஆனா அதே கிச்சன்ல பாத்திரம் கழுவற அக்காவுக்கு கண்டிப்பா வரும். அந்த அக்காவக் கூப்பிட்டு கிண்டச் சொல்ற செஃப்னா யோசிக்காம அட்வான்ஸ் கொடுங்க.

கேள்வி: சுகர்காரங்களுக்கு ராகி களி எவ்வளவு வேணா போடலாம்ங்கறாங்களே, நிஜமா?
– வாசகர், பாலக்கோடு

பதில்: இல்லீங்க. ராகில கால்சியம் ஜாஸ்தி, 100 கிராமுக்கு 300 மில்லிகிராமத் தாண்டும், நார்ச்சத்தும் உண்டு, ஆனா அதுவும் மாவுச்சத்து தான், நாலு உருண்டை உள்ள போனா சுகர் ஏறத்தான் செய்யும். ஒரு உருண்டை போதும், கீரையும் அவரைக்கொட்டையும் சும்மா தொட்டுக்க மட்டும் இல்ல, கூட நிறையவே வேணும்.

கேள்வி: நான் ரிட்டயர்டு வாத்தியார், 78 வயசு. பிள்ளைங்க ஒரு வசதியான சீனியர் கம்யூனிட்டில சேத்து எட்டு மாசம் ஆகுது. பையனுங்க மரியாதையா பரிமாறறாங்க, இடம் பளிச்சுனு இருக்கு, ஆனா சாப்பாடு உப்பு சப்பில்ல. சொன்னா "ஹெல்தி சார்"ங்கறாங்க. என் நாக்கு கெட்டுப் போச்சா, அவங்க கை கெட்டுப் போச்சா?
– வாசகர், தர்மபுரி

பதில்: ரெண்டும் கொஞ்சம் கொஞ்சம் சார். வயசு ஏற ஏற நாக்கு மட்டும் இல்ல மூக்கும் மழுங்குது, வாசனை தெரியலன்னா ருசியே தெரியாது, அதோட சில பிரஷர் மாத்திரையே வாயில ஒரு மாதிரி கசப்பு போட்டுடும். இந்தப் பக்கம் அவங்களும் பாவம், ஒரு நாளைக்கு 5 கிராம் உப்புக்குள்ள இருக்கணும்னு டயட்டீஷியன் எழுதி ஒட்டியிருப்பாங்க.

ஆனா உப்பக் கொறைச்சா ருசியவும் கொறைக்கணும்னு யார் சொன்னது? எங்க ஓட்டல்ல பத்தியச் சாப்பாடு கேக்கறவருக்கு எங்க மாஸ்டர் உப்பப் பாதியாக்கிட்டு எலுமிச்சம்பழம் புழிவாரு, மிளகு அப்பவே தட்டிப் போடுவாரு, இஞ்சி, கொத்தமல்லி, கடைசில ஒரு கரண்டி சூடான தாளிப்பு, அந்த வாசனைலயே ஆளு தட்டக் காலி பண்ணிடுவாரு. காலைல ஆக்கி பதினொரு மணிக்கே டப்பால போட்டு மூடி வச்ச பொரியல்ல வாசனை எங்க இருக்கும். உங்க இடத்துல ஃபுட் கமிட்டி இருக்கும், இல்லன்னா நீங்களே ஆரம்பிங்க, வாத்தியார் சொன்னா கேப்பாங்க. "நல்லா இல்ல"ன்னு பொதுவா சொன்னா சமையக்கட்டுல ஒருத்தன் காதுலயும் விழாது, "புதன்கிழமை ரசத்துல மிளகு இல்ல, தாளிப்பு கருகியிருந்துச்சு"ன்னு சொல்லுங்க, வியாழக்கிழமையே மாறும். சந்தேகத்துக்கு பல் டாக்டரையும் ஒருதடவ பாத்துடுங்க.

கேள்வி: பென்னாகரம் பக்கம் என் ஊரு, கேட்டரிங் முடிச்சுட்டு இப்ப ஒரு சீனியர் லிவிங் டைனிங் ஹால்ல ஸ்டூவர்டு. காலேஜ்ல சொல்லிக் கொடுத்த சர்வீஸ் இங்க செல்லுபடியாக மாட்டேங்குது, என்ன மாத்தணும் அண்ணா?
– வாசகர், ஓசூர்

பதில்: தம்பி, உன் கேள்விக்குத்தான் இந்தப் பக்கம் முழுக்க கொடுத்திருக்கணும். முதல்ல ஒரு கதை சொல்லிடறேன். எங்க பெரியம்மா இப்பிடி ஒரு இடத்துல ரெண்டு வருஷம் இருந்தாங்க, பேரு வேணாம். நல்ல இடம், நல்ல பையனுங்க, எல்லாம் ட்ரெயினிங் எடுத்தவனுங்க, தட்டு காலியான உடனே எடுக்கணும்னு சொல்லிக் கொடுத்திருந்தாங்க. பெரியம்மா மெதுவா சாப்பிடறவங்க, நடுவுல கைய எடுத்து மடியில வச்சுகிட்டு கொஞ்சம் நேரம் ஜன்னலப் பாப்பாங்க, அவ்வளவு தான், "முடிச்சுட்டீங்களா மேம்"னு தட்டு போயிடும். அவங்க வேணாம்னு சொல்லக் கூச்சப்பட்டு, அவசர அவசரமா முழுங்க ஆரம்பிச்சாங்க, ஒரு நாள் பொறையேறி முகமெல்லாம் செவந்து போச்சு, அதுக்கப்புறம் ஹாலுக்கே வரல. முந்தானைல ஊறுகா பாட்டில முடிஞ்சுகிட்டு ரூம்ல தயிர் சாதம். நாங்க போயி பாக்கறப்ப நாலு கிலோ எறங்கியிருந்தாங்க. சர்வீஸ் ஸ்பீடுக்கு அந்த இடத்துல அவார்டு கூட கொடுத்திருப்பாங்க, யாரு கண்டா.

அதனால ஓட்டல்ல வேகம் தான் மரியாதைன்னா இங்க தாமதம் தான் மரியாதை. நம்ம ஊரு பந்தியில பாத்திருப்ப, பக்கத்துல இருக்கறவங்க சாப்பிட்டு முடிக்காம யாரும் எந்திரிக்க மாட்டாங்க, அத மனசுல வச்சுக்க. நின்னுகிட்டு குனிஞ்சு கேக்காத, கண்ணு மட்டத்துக்கு வந்து கேளு, காது கேக்காதவங்களுக்கு உன் வாய் தெரியணும். பாட்டுச் சத்தத்தக் கொறைக்கச் சொல்லு, லைட்ட ஏத்தச் சொல்லு, மங்கலான ஸ்டார் ஓட்டல் லைட்டு காதலிக்கறவங்களுக்குத் தான், 80 வயசுக்காரருக்கு மீன் முள்ளு தெரியாது. வெள்ளைத் தட்டுல வெள்ளைச் சோறும் தயிரும் போட்டா பார்வை மங்கினவங்களுக்கு தட்டுல என்ன மிச்சம் இருக்குன்னே தெரியாது, கலர் தட்டும் கொஞ்சம் விளிம்பு ஏறின கிண்ணமும் கேட்டு வாங்கு. நாற்காலிக்கு கை இருக்கணும், ஊணி எந்திரிக்க.

பக்கவாதம் வந்தவங்க, பார்க்கின்சன் இருக்கறவங்க லிஸ்ட்ட நர்ஸ்கிட்ட வாங்கி சட்டப் பாக்கெட்டுல வச்சுக்க. அவங்கள்ல முழுங்கக் கஷ்டப்படறவங்களுக்கு எவ்வளவு மசிக்கணும், தண்ணிய எவ்வளவு கெட்டியா கொடுக்கணும்னு 0ல இருந்து 7 வரைக்கும் ஐடிடிஎஸ்ஐன்னு ஒரு அளவு உலகம் பூரா இருக்கு, தெரபிஸ்ட் என்ன நம்பர் எழுதியிருக்காங்களோ அதுதான், நீயா பாவப்பட்டு மாத்தாத. முக்கியமா நம்ம களி, அத மெல்லாம முழுங்கற பழக்கம், முழுங்கக் கஷ்டப்படறவங்களுக்கு அதுவே தொண்டைல நின்னுடும், எவ்வளவு ஆசையா கேட்டாலும் நர்ஸ கேக்காம வைக்காத. சூடா வைக்கறது 60 டிகிரிக்கு மேல, ஜில்லுன்னு வைக்கறது 5 டிகிரிக்குக் கீழ, அது எல்லா ஓட்டலுக்கும் உள்ளது தான், ஆனா இங்க வயிறு தாங்காது, அதனால தெர்மாமீட்டர் இல்லாம கவுண்டரத் திறக்காத.

கடைசியா, யாரையும் கேக்காம "பாட்டி, தாத்தா"ன்னு கூப்பிடாத தம்பி. சில பேருக்கு பிடிக்கும், சில பேரு தாசில்தாரா இருந்து ரிட்டயர் ஆனவங்க.

கேள்வி: அத்தை சீனியர் லிவிங்ல இருக்காங்க, சீசனுக்கு நம்ம தோட்டத்து மாம்பழம் ஒரு கூடை கொண்டு போனேன், வெளி சாப்பாடு அலவுட் இல்லைன்னு கேட்லயே நிறுத்திட்டாங்க. இது என்ன நியாயம்?
– வாசகி, பர்கூர்

பதில்: சமைச்சத உள்ள விடாம இருக்கறதுல நியாயம் இருக்குங்க, நாலு பேருக்கு வயித்தால போனா பழி கிச்சன் மேல. வெட்டாத முழுப் பழத்த அப்பிடி நிறுத்தறது கொஞ்சம் ஓவர், மேனேஜர்கிட்ட பேசுங்க, நிறைய இடத்துல ஒத்துக்குவாங்க. கிச்சன்லயே கழுவி வெட்டி மதிய சாப்பாட்டுல எல்லா டேபிளுக்கும் ஒரு துண்டு வைங்கன்னு கூடையோட கொடுத்துடுங்க, உங்க அத்தைக்கு அன்னைக்கு அங்க இருக்கற மவுசே வேற. செந்தூரா ரகமா கொண்டு போங்க, பெங்களூரா ரகம் கூழ் ஃபேக்டரிக்குத் தான் சரி. சுகர் இருக்கறவங்களுக்கு ரெண்டு துண்டு, அதுவும் சோத்தக் கொறைச்சுகிட்டு.