தாமஸ் வேக்லி யார்? மரண விசாரணை செய்த ஒரு அதிகாரியை ஏன் சீர்திருத்தவாதி என்கிறார்கள்?

மும்பை சயானில் ஒரு வக்கீல் ஆபீஸில் வேலை செய்கிறேன். தாராவி, கோலிவாடா பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களின் இழப்பீட்டு வழக்குகள்தான் எங்களிடம் அதிகம் வரும். சாரம் சரிந்து விழுந்தவர், பாதாளச் சாக்கடைக்குள் இறங்கி மூச்சடைத்துப் போனவர், இப்படி. எல்லாக் கோப்பிலும் முதல் தாள் ஏடிஆர், அதாவது போலீஸ் பதியும் விபத்து மரண அறிக்கை. அதில் சாவுக்குக் காரணம் என்று என்ன எழுதியிருக்கிறதோ, அதை வைத்துத்தான் அந்த வீட்டுக்குப் பணம் வருவதும் வராமல் போவதும். அதனால் வேக்லி எனக்கு ரொம்பப் பிடித்த மனிதர்.

1795-இல் இங்கிலாந்தின் டெவன் பகுதியில் பிறந்தவர், அறுவை மருத்துவர். 1823-இல் லான்செட் மருத்துவ இதழைத் தொடங்கியவர் இவர்தான். 1835 முதல் 1852 வரை லண்டன் ஃபின்ஸ்பரி தொகுதியின் எம்.பி. சங்கம் வைத்து ரகசிய உறுதிமொழி எடுத்த குற்றத்துக்காக ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தப்பட்ட டால்படில் பண்ணைக் கூலிகளுக்காக நாடாளுமன்றத்தில் வாதாடினார்.

ஆனால் நீங்கள் கேட்டது அவருடைய கரோனர் வேலையைப் பற்றி. திடீர்ச் சாவு, சந்தேகச் சாவு என்றால் ஊர்க்காரர்களை ஜூரியாக உட்கார வைத்து, எல்லார் முன்னாலும் விசாரிப்பவர்தான் கரோனர். அன்று அது தேர்தலில் ஜெயித்து வரும் பதவி. பெரும்பாலும் வக்கீல்களே வந்தார்கள். உடலைப் பார்த்துக் காரணம் கண்டுபிடிக்க வேண்டியவருக்கு மருத்துவம் தெரிய வேண்டாமா என்று கேட்டுக்கொண்டே இருந்தார் வேக்லி. 1830-இல் நின்று தோற்றார். சாட்சி சொல்லும் டாக்டருக்கும் பிரேதப் பரிசோதனை செய்யும் டாக்டருக்கும் கட்டணம் தரும் சட்டத்தை 1836-இல் கொண்டுவந்தார். 1839-இல் லண்டன் வட்டாரத்து மேற்கு மிடில்செக்ஸ் கரோனர் ஆனவர், 1862-இல் சாகும்வரை அந்தப் பதவியில் இருந்தார்.

அவருடைய வழக்குகளில் ஒன்றே ஒன்றைச் சொல்லச் சொன்னால் 1846-இல் ஹவுன்ஸ்லோ ராணுவ முகாமில் நடந்ததைத்தான் சொல்வேன். ஃபிரெடெரிக் ஜான் வைட் என்ற சாதாரணச் சிப்பாய் குடித்துவிட்டுத் தன் சார்ஜென்டை அடித்துவிட்டான். தண்டனை 150 கசையடி. ஜூன் 15-இல் அடித்தார்கள், ஜூலை 11-இல் செத்துப்போனான். இதயத்திலும் நுரையீரலிலும் அழற்சி, கசையடிக்கும் சாவுக்கும் சம்பந்தமில்லை என்று ராணுவ டாக்டர்கள் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அதோடு முடிந்திருக்கும். அந்த ஊர்ப் பாதிரியார் ஒருவருக்கு மனம் ஒப்பவில்லை, கரோனருக்குச் சொல்லாமல் புதைக்க மாட்டேன் என்றார்.

வேக்லி விசாரணையை அவசரமாக முடிக்கவில்லை, தள்ளி வைத்துத் தள்ளி வைத்து நடத்தினார். ராணுவத்தோடு சம்பந்தமில்லாத எராஸ்மஸ் வில்சன் என்ற மருத்துவரை அழைத்து முதுகெலும்புப் பகுதியைப் பரிசோதிக்கச் சொன்னார். உள்ளே ஆழமான தசைவரை சேதம் இருந்ததை வில்சன் கண்டார், அதற்குக் காரணம் கசையடிதான் என்றார். ஜூரியும் அதையே தீர்ப்பாகச் சொன்னது. சொன்னதோடு நிற்காமல், இந்தத் தண்டனையை ஒழிக்க எல்லாரும் நாடாளுமன்றத்துக்கு மனுப் போடுங்கள் என்று மக்களைக் கேட்டுக்கொண்டது. சில நாட்களிலேயே உச்ச வரம்பு 50 அடியாகக் குறைந்தது. ராணுவத்தில் அது ஒழிய 1881 ஆனது, வேக்லி அதைப் பார்க்கவில்லை.

எதிரிகளும் இருந்தார்கள். தேவையில்லாத சாவுகளையெல்லாம் விசாரிக்கிறார், செலவு இழுக்கிறார் என்று மிடில்செக்ஸ் மாஜிஸ்திரேட்டுகளே சண்டை பிடித்தார்கள். அவர் விசாரித்தவற்றில் ஏழைகள் விடுதியில் நடந்த சாவுகளும் இருந்தன. ஏழை செத்தால் ஏன் விசாரிக்க வேண்டும் என்பதுதான் அந்தப் புகாரின் உள்ளர்த்தம் என்று எனக்குப் படுகிறது. இன்றும் அந்தக் கேள்வியைக் காதால் கேட்கிறேன், கோபம் வருகிறது.

மும்பைக்கும் இதே பதவி இருந்தது. 1871-ஆம் ஆண்டின் கரோனர் சட்டப்படி இங்கே தனிக் கரோனர், தனி விசாரணை. 1999-இல் அதை எடுத்துவிட்டார்கள். இப்போது போலீஸே பஞ்சநாமா (சாட்சிகளை வைத்து எழுதும் பதிவு) எழுதி, போஸ்ட்மார்ட்டத்துக்கு அனுப்பி, பெரும்பாலும் போலீஸ் மட்டத்திலேயே கோப்பை மூடிவிடுகிறது. பழைய முறையில் தாமதம் இருந்தது என்பது உண்மைதான். ஆனால் வைட்டின் வழக்கில் வேக்லி இருந்தது போல, வேலை கொடுத்தவனையும் டாக்டரையும் ஒரு பொது இடத்தில் நிறுத்தி, செத்தவனின் வீட்டார் கேட்டுக்கொண்டிருக்கும்போது கேள்வி கேட்க ஒரு அதிகாரி வேண்டும். அதை இழந்தது பெரிய இழப்பு என்பதுதான் என் கருத்து.

காவலில் நடக்கும் சாவுக்கு அந்த வழி இன்னும் திறந்திருக்கிறது. 2005-இல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் செய்த திருத்தத்தால் (நடைமுறைக்கு வந்தது 2006) அதை நீதித்துறை மாஜிஸ்திரேட் விசாரித்தே ஆக வேண்டும். 2020-இல் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் இறந்தபோது நிலையத்துக்குள் போய் விசாரித்தவர் கோவில்பட்டி மாஜிஸ்திரேட். போலீஸார் ஒத்துழைக்கவில்லை, மிரட்டும் விதமாக நடந்துகொண்டார்கள் என்று உயர் நீதிமன்றத்துக்கு எழுதினார். பெண் தலைமைக் காவலர் ஒருவர் சாட்சி சொன்னதும் அந்த விசாரணையில்தான். வேக்லி உயிரோடு இருந்தால் அந்த மாஜிஸ்திரேட்டைக் கையெடுத்துக் கும்பிட்டிருப்பார்.

அப்புறம், இங்கே இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒன்று. மாஜிஸ்திரேட் விசாரணை நடந்தால், முடிந்தவரை உறவினர்களுக்குத் தகவல் சொல்லி, கூட இருக்க விட வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குள் பெண் இறந்து, சந்தேகம் இருந்தால், போஸ்ட்மார்ட்டம் வேண்டும் என்று பிறந்த வீட்டார் எழுதிக் கேட்கலாம். போஸ்ட்மார்ட்டம் அறிக்கை, பஞ்சநாமா இரண்டின் நகலுக்கும் எழுத்தில் மனுக் கொடுங்கள், வாங்கிக்கொண்டதற்கு முத்திரை போட்டு வாங்குங்கள். மராத்தியில் இருக்கும் தாளில் படித்துக் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.