தாய்க்குதிரை வழி: கேள்வி பதில்

அந்தியூர்: ஏனுங்கண்ணா, ஆடியில குருநாதசாமி கோயில் சந்தைக்கு ஒரு தரோபிரெட், அதான் பந்தயக் குதிரை இனம், பெட்டை வருதுங்க. ஏழெட்டு ரேஸ் ஓடி ஒண்ணுலயும் ஜெயிக்கலையாம். குட்டிக்கு வாங்கலாமுங்களா?

ஜெயிக்காதது ஒரு குறையே இல்லைங்க. 1926-ல் பிரான்சில் பிறந்த லா ட்ரொயென் ஏழு முறை ஓடி ஏழிலும் தோற்ற பெட்டை. 1930-ல் விலைக்குப் போய் அமெரிக்காவின் கென்டக்கியில் 14 குட்டி போட்டது. அதில் பிமெலெக் 1940-ல் அமெரிக்காவின் பெரிய பந்தயங்களான பிரீக்னஸ், பெல்மான்ட் இரண்டையும் வென்றது. பெட்டைக்குட்டிகள் வழியாகத்தான் அந்த வம்சம் பரவியது. ஆனால் லா ட்ரொயெனின் தகப்பன் டெடி பேர்போன பொலிகுதிரை, அதையும் மறக்க வேண்டாம். தோற்ற பெட்டையெல்லாம் நல்ல தாய் ஆகிவிடாது. இதன் தாய் எத்தனை குட்டி போட்டது, அதில் எத்தனை ஓடின, எத்தனை ஜெயித்தன, அக்கா தங்கைகளின் குட்டிகள் எப்படி என்று கேளுங்க. குட்டி இல்லாத ஆண்டுகள் எத்தனை என்பதைத் தனியாகக் கேட்கணும், அதை யாரும் தானாகச் சொல்ல மாட்டார்கள். புனேயில் உள்ள இந்திய ஸ்டட் புக் (குதிரை வம்சப் பதிவேடு) ஆணையத்தின் பதிவு இல்லையென்றால் தரோபிரெட் விலை கொடுக்காதீங்க.

காங்கயம்: மாட்டுல பொலிகாளையைத்தான் முதல்ல பார்க்கறோம். குதிரைக்காரங்க மட்டும் ஏன் தாயையே பேசறாங்க?

எண்ணிக்கைதான் காரணம். பேர்பெற்ற பொலிகுதிரை ஒரே பருவத்தில் நூறு பெட்டைக்கு மேல் சேரும். பெட்டைக்கோ சினைக்காலம் சுமார் 340 நாள், ஆண்டுக்கு ஒரு குட்டி, ஆயுளுக்குப் பத்துப் பன்னிரண்டு. அதனால் தகப்பன் ஒன்றாக இருந்தால் போதாது, ஒரே வயிற்றில் பிறந்தவற்றை மட்டுமே குதிரைக்காரர்கள் உடன்பிறப்பு என்பார்கள். ஏல விவரப் பக்கத்திலும் தாய், அம்மாயி (தாயின் தாய்), அவளுடைய தாய் என்றே இறங்கும்.

அர்பன் சீ என்ற பெட்டையைப் பாருங்க. 1993-ல் பாரிசில் ஆர்க் பந்தயத்தை வென்றது. மகன் கலிலியோ 2001-ல் இங்கிலாந்து டெர்பி. வேறு தகப்பனுக்குப் பிறந்த சீ தி ஸ்டார்ஸ் 2009-ல் டெர்பி, ஆர்க் இரண்டும். தகப்பன் மாறியும் தரம் குறையவில்லை என்றால் அங்கே தாயின் பங்கைப் பேசலாம். ஒரு குட்டி ஜெயித்ததை வைத்துப் பேசக் கூடாது.

தாராபுரம்: அமெரிக்கப் பந்தயக் குதிரை செக்ரட்டேரியட்டுக்குப் பெரிய இதயம், அது தாய்வழியா வந்ததுன்னு சொல்றாங்களே?

இதயத்தை யாரும் தராசில் வைக்கவில்லை. 1989-ல் பிரேதப் பரிசோதனை செய்த மருத்துவர் சுமார் 10 கிலோ இருக்கும் என்று மதிப்பிட்டார், அவ்வளவுதான். ஆண்குட்டிக்கு எக்ஸ் குரோமோசோம் தாயிடமிருந்துதான் வரும் என்பது உண்மை, அதில் 'இதய மரபணு' இருக்கிறது என்பது நிரூபணமாகவில்லை. ஆனால் செக்ரட்டேரியட் தகப்பனாகப் பெற்ற பேரைவிட அப்புச்சியாக (தாய்வழித் தாத்தாவாக) பெற்ற பேர் பெரிது: ஸ்டார்ம் கேட், ஏ.பி. இண்டி, கான் வெஸ்ட் மூன்றும் அதன் மகள்களின் பிள்ளைகள்.

வெள்ளகோவில்: எங்க கொறங்காட்டு மேய்ச்சல்ல கொழுக்கட்டைப் புல்லு நல்லா இருக்குதுங்க. சினைக் குதிரைய அதுலயே விட்டு, சாயங்காலம் தவிடு வெச்சாப் போதுமுங்களா?

போதாதுங்க. மாட்டுக்குப் பழகிய கை இங்கேதான் தவறும். கொழுக்கட்டைப் புல்லிலும் நேப்பியர் வகைகளிலும் ஆக்சலேட் அதிகம். அது கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மாட்டின் வயிற்று நுண்ணுயிர்கள் ஆக்சலேட்டை முன்கூட்டியே சிதைத்துவிடும், குதிரைக்கு அந்த வசதி இல்லை. தவிட்டில் பாஸ்பரஸ் மிகுதி, கால்சியம் சொற்பம், ஆகவே தவிடு வைக்க வைக்க நிலைமை மோசமாகும். குதிரை தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை எடுக்கும். முதலில் கால் மாற்றி மாற்றி நொண்டும், பிறகு முகத்தின் இருபுறமும் எலும்பு தடிக்கும். சினையிலும் பாலிலும் இருப்பவைக்குச் சீக்கிரம் வரும்.

குதிரைமசால் காய்ந்தது தினம் 2 கிலோ சேருங்க. சுண்ணாம்புக்கல் மாவு ஒரு பங்கு, டைகால்சியம் பாஸ்பேட் இரண்டு பங்கு கலந்து வாரத்துக்கு 1 கிலோ, தினப்படி பிரித்து, சர்க்கரைப்பாகில் பிசைந்து வைக்கலாம். தவிட்டைக் குறைத்து ஓட்ஸ் கொடுங்க. 450 கிலோ பெட்டைக்கு உலர்தீவனம் எல்லாம் சேர்த்து நாளுக்கு 9 கிலோ. கடைசி மூன்று மாதத்தில்தான் குட்டி வேகமாக வளரும், அப்போது தானியத்தைக் கூட்டுங்க.

பச்சைச் சோளத்தட்டு மட்டும் வேண்டவே வேண்டாம். குதிரைக்கு மூத்திரப்பை செயலிழந்து பின்னங்கால் தள்ளாடும், சினையில் தின்றால் குட்டி மூட்டு மடங்கிப் பிறக்கலாம்.

கோபி: ஈன்ன பெட்டைய எப்பங்க திரும்பச் சேர்க்கறது?

340 நாள் சினை என்றால், வருசம் தவறாமல் குட்டி வேண்டுமானால் ஈன்ற 25 நாளுக்குள் சினை பிடிக்கணும். முதல் பருவம் 5 முதல் 12 நாளுக்குள் வரும். கரு உருவாகி ஆறாம் நாள் வாக்கில்தான் கருப்பைக்குள் இறங்கும், அதற்குள் கருப்பை சுத்தமாகியிருக்கணும். ஈன்ற பத்தாம் நாளுக்கு முன்பே முட்டை வெளிவந்தால் பிடிப்பது குறைவு. ஈற்றில் சிரமப்பட்டதோ நஞ்சுக்கொடி தங்கியதோ என்றால் முதல் பருவத்தை விட்டுவிடுங்க.

முட்டை வெளிவந்த 14 முதல் 16 நாளுக்குள் ஸ்கேன் கட்டாயம். இரட்டை இருந்தால் ஒன்றை அப்போதே மருத்துவர் நசுக்கிவிடலாம். விட்டால் பெரும்பாலும் இரண்டுமே போகும். 35 நாளைத் தாண்டிக் கலைந்தால் பெட்டை மாதக்கணக்கில் பருவத்துக்கு வராது, அந்த ஆண்டே வீண்.

கரூர்: ஊசி போட்டு சினை பிடிக்க வைக்கலாமா?

தரோபிரெட்டாகப் பதிய வேண்டுமென்றால் செயற்கைக் கருவூட்டல் கூடாது. நேரடியாகச் சேர்ந்த குட்டியைத்தான் பதிவார்கள். நாட்டுக் குட்டிக்கு என்றால் உங்கள் விருப்பம்.

பொள்ளாச்சி: ஈனுற ராத்திரி எதைப் பார்த்தா டாக்டரைக் கூப்பிடோணும்?

ஒரு மணி நேரத்தில் குட்டி எழணும், இரண்டில் பால் குடிக்கணும், மூன்றில் நஞ்சுக்கொடி விழணும். எது தவறினாலும் போன் செய்யுங்க. நஞ்சுக்கொடியைக் கையால் இழுக்க வேண்டாம், விழுந்ததைத் தூக்கிப் போடாமல் வாளியில் வைத்துக் காட்டுங்க. உள்ளே துண்டு தங்கினால் காய்ச்சலும் குளம்பு வீக்கமும் வரும்.

வெள்ளைப் படலத்துக்குப் பதில் சிவப்பு வெல்வெட் மாதிரி பை வெளியே தெரிந்தால் போனுக்கும் காத்திருக்காதீங்க. நஞ்சுக்கொடி முன்பே பிரிந்துவிட்டது, குட்டிக்கு ஆக்சிஜன் போகாது. உடனே கிழித்துக் குட்டியை வெளியே எடுங்க. சீம்பால் முதல் ஆறு மணிக்குள் உள்ளே போகணும், ஒரு நாள் தாண்டினால் குடல் அதன் எதிர்ப்புச் சத்தை ஏற்காது.