பழைய சாவி வெட்டும் மெஷின்: நகல் சாவி உள்ளே போகிறது, திரும்பவில்லை

பழைய மெஷினில் வெட்டிய நகல் சாவி பூட்டுக்குள் போகிறது, ஆனால் திரும்பவில்லை என்று கேட்டிருந்தீர்கள். முதலில் கைடை, அதாவது அசல் சாவியின் பல்லைத் தொட்டபடி போகும் முனையைச் சரிபாருங்கள். சாவி பூட்டுக்குள் போயும் திரும்பவில்லை என்றால், பெரும்பாலும் கைடும் கட்டரும் (நகலை வெட்டும் சக்கரம்) ஒரே மட்டத்தில் இல்லை. தலைமுடி கனம் வித்தியாசம் போதும், பூட்டுக்குள் இருக்கும் பின்கள் (சாவி தூக்கும் சிறு ஊசிகள்) சரியான உயரத்துக்கு வராது.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஒரே ரகப் பிளாங்க் (பல் வெட்டாத வெறும் சாவி) இரண்டை, இரு வைஸிலும் (சாவியைப் பிடிக்கும் இடுக்கி) தோள்பட்டை (சாவியின் பிடியை ஒட்டிய மேடு) ஒத்திருக்கும்படி இறுக்குங்கள். கைடு ஒன்றைத் தொடும்போது கட்டரைக் கையால் சுற்றுங்கள். மற்றதில் லேசாக உரசி, மெல்லிய பித்தளைக் கீறல் மட்டும் விழ வேண்டும். இடைவெளி இருந்தால் கைடின் திருகைத் தளர்த்தி, சாவியை விட்டுப் பின்னே தள்ளுங்கள். ஆழமாகக் கடித்தால் முன்னே. அப்புறம் அசல் சாவியை வைத்து வெட்டுங்கள். நகலிலிருந்து நகல் எடுத்தால் பிழை கூடிக்கொண்டே போகும். பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம், பித்தளைத் தூள் முகத்துக்குத்தான் தெறிக்கும்.

மெஷினின் பெயர்த் தகடு தேய்ந்துவிட்டது, இது என்ன வகை என்றும் கேட்டிருந்தீர்கள். ஒரே வண்டியில் (நகரும் தாங்கி) பக்கம் பக்கமாக இரண்டு வைஸ் இருந்தால், அது தட்டைச் சாவிக்கான நகல் மெஷின். தயாரிப்பாளர் பெயர் அடிவார்ப்பில் புடைப்பெழுத்தாக இருக்கலாம், கம்பி பிரஷால் தேய்த்துப் பாருங்கள்.

ஒன்று மட்டும்: காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் இந்த மெஷினோடு நீங்கள் வாங்கிய நிலைக்கதவுப் பூட்டின் பெரிய இரும்புச் சாவியை இதில் வைக்காதீர்கள். உருண்டைத் தண்டு வைஸில் நிற்காது, பல் வெட்டும் வேறு மாதிரி. அதைக் கொல்லரிடம் கொடுத்து அரத்தால் ராவித்தான் எடுக்க வேண்டும்.