கேள்வி பதில்: பிறப்பு வீழ்ச்சியும் பிள்ளை பார்க்க ஆளில்லாத வீடுகளும்

கொழும்பில் நெடுங்காலம் குடும்பநல உத்தியோகத்தராகப் பணியாற்றிய ஒருவர் பதிலளிக்கிறார்.

வெள்ளவத்தை: அக்கா, மூன்றாவது பிள்ளைக்கு 42 நாள் விடுமுறைதான் என்கிறது அலுவலகம்.

அது பழைய சட்டம், தங்கச்சி. 2018 திருத்தத்துக்குப் பிறகு எத்தனையாவது பிள்ளையானாலும் 84 நாள். கடை, காரியாலயச் சட்டத்தின் கீழ் வருபவரென்றால் வார விடுமுறையும் போயா (பௌர்ணமி) விடுமுறையும் அதில் சேராது. எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் தொழில் திணைக்களத்துக்குப் போங்கள்.

தெமட்டகொடை: பகல்நேரப் பராமரிப்பு நிலையத்தை எப்படித் தெரிவு செய்வது?

சொல்லாமல் மதியம் ஒரு மணிக்குப் போங்கள். பிள்ளைகள் உறங்கும்போது விழித்திருப்பவர் யார், பால்போத்தல்களில் பெயர் எழுதியிருக்கிறதா, கழிப்பறைக்கு அழைத்துப் போகிறவர் கை கழுவுகிறாரா என்று பாருங்கள். அந்த நேரத்தில் பெற்றோரை உள்ளே விடாத இடத்தில் பிள்ளையை விடாதீர்கள்.

கொட்டாஞ்சேனை: எங்கள் ஊர் மட்டக்களப்பு. அங்கே மூன்று, நான்கு பிள்ளைகள். இங்கே ஒன்றோடு நிறுத்துகிறார்கள். ஆனால் பதிவுகளில் கொழும்பில்தானே பிறப்பு அதிகம்?

நல்ல கேள்வி. நம் நாட்டில் பிறப்பு நிகழ்ந்த இடத்தில்தான் பதிவாகும். இங்குள்ள காசல் வீதி, டி சொய்சா மகப்பேற்று வைத்தியசாலைகளுக்கு வெளி மாவட்டத் தாய்மாரும் வருகிறார்கள். அவர்களின் பிள்ளைகளும் கொழும்புக் கணக்கில் ஏறுகின்றன. ஆகவே பதிவு எண்ணிக்கையை மட்டும் வைத்து மாவட்டங்களை ஒப்பிடக்கூடாது. இரண்டாவது பிள்ளையைப் பற்றிக் கேட்டால் கொழும்புத் தாய்மார் முதலில் சொல்வது, "யார் பார்ப்பது?" என்பதுதான். உங்கள் ஊரில் அம்மம்மா அடுத்த ஒழுங்கையில் இருப்பார். இங்கே அறைவாடகை கொடுத்து வாழும் தம்பதிக்கு அந்தக் கை இல்லை.

வத்தளை: பெண்கள் வேலைக்குப் போவதுதான் காரணம். நேரே சொல்லுங்கள்.

அண்ணா, ஒப்பமாட்டேன். 2020 இல் மூன்று இலட்சத்தைத் தாண்டியிருந்த பிறப்புகள் 2023 இல் இரண்டரை இலட்சத்துக்கும் கீழே போயின. அந்த ஆண்டுகளில் பெண்கள் திரண்டு வேலைக்குப் போகவில்லை. உழைப்புப் படையில் இருப்பவர் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர்தான். வந்தது பொருளாதார நெருக்கடி: பால்மா விலை, தள்ளிப்போன கல்யாணங்கள், வெளிநாடு போன இளம் தம்பதிகள்.

வத்தளை: எங்கள் அம்மா ஐந்து பேரை வளர்த்தாரே?

தனியாகவா? அப்பம்மா, சித்தி, பக்கத்து வீடு எல்லாம் சேர்ந்தல்லவா வளர்த்தார்கள்? சுவீடனில் பெண்கள் தென்கொரியாவை விட அதிகம் வேலைக்குப் போகிறார்கள். பிள்ளைகளும் அங்கேதான் அதிகம். தென்கொரியாவில் 2023 இல் ஒரு பெண்ணுக்குச் சராசரி 0.72 பிள்ளை. தகப்பனும் அரசும் பராமரிப்பைப் பங்குபோடாத இடத்தில் தாய் ஒன்றோடு நிறுத்துகிறாள். அவளைக் குற்றவாளி ஆக்காதீர்கள்.

தெகிவளை: தமிழ்நாட்டிலும் குறைவாமே?

ஆம். 2019-21 கணக்கெடுப்பில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக அங்கே 1.8 பிள்ளை, பீகாரில் 3.0.

பம்பலப்பிட்டி: நல்ல நிலையம் ஒன்றின் பெயர் சொல்லுங்களேன்.

பெயர் சொல்லமாட்டேன். தெமட்டகொடைக்குச் சொன்னதை வாசியுங்கள். ஒரு மணிக்கு, சொல்லாமல்.

கல்கிசை: குழந்தைக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல்.

இங்கே எழுதிக்கொண்டிருக்காமல் இப்போதே வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.

இரத்மலானை: ஆடைத் தொழிற்சாலையில் வேலை. ஏழு மாதப் பிள்ளைக்குப் பால் கொடுக்க நேரம் கேட்கலாமா?

கேளுங்கள், மகளே. மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டப்படி பிள்ளைக்கு ஒரு வயதாகும்வரை நாளுக்கு இரண்டு இடைவேளைகள் உண்டு: தொழிற்சாலையில் பிள்ளைப் பராமரிப்பிடம் இருந்தால் அரை மணி நேரம் வீதம், இல்லாவிட்டால் ஒரு மணி நேரம் வீதம். உணவு இடைவேளை இதில் சேராது.